கைகட்டி நின்றவர்

அவர் நிற்பதை இப்போது கேட்டாலும் வரைந்து காட்டுவேன். வலது உள்ளங்கை இடது அக்குளில் இருக்கும், இடது உள்ளங்கை வலது அக்குளில். தோளில் கிடந்த துண்டு எப்போது இறங்கி இடுப்பைச் சுற்றிக்கொண்டது என்று யாராலும் சொல்ல முடியாது. நெடுநெடுவென்று வளர்ந்த ஆள். அந்த உயரத்தைச் சுருக்கத் தோளை முன்னால் தள்ளி, நெஞ்சை உள்ளே இழுத்துக்கொள்வார். கண்கள் எதிரே இருப்பவரின் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருக்கும். என் பெருவிரலை அவர் அளவுக்கு என் வீட்டுக்காரிகூடப் பார்த்ததில்லை.

நான் அப்போது பினாங்கிலிருந்து வெகு தெற்கே, பெக்கோக் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பள்ளிக்கூடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். அத்தாப்பு ஓலைக் கூரை, சில பெஞ்சுகள், ஒரு கரும்பலகை. அந்தக் கரும்பலகையையும் மழைக்காலத்தில் ஆட்டுக்கொட்டகைக்குக் கதவாக எடுத்துப் போய்விடுவார்கள். காற்றடித்தால் கூரை பிய்த்துக்கொள்ளும். அதைக் கட்ட அவர்தான் வருவார். யாரும் கூப்பிட்டு வந்ததில்லை. காற்றடித்த மறுநாள் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நான் பாடம் நடத்தி முடித்து, பையன்கள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடி, நானாக "என்ன?" என்று கேட்கும் வரை வாயைத் திறக்கமாட்டார்.

"கூரை பிஞ்சுருக்குங்க சாமி."

"அது எனக்கும் தெரியுது. மழை என் தலையிலதான் விழுது. உள்ள வாங்க."

உள்ளே வரமாட்டார். ஏணியை வெளியே சாய்த்து, வெளியே ஏறி, வெளியே இறங்கிப் போவார்.

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் பிரயோசனம் இல்லை. கப்பலுக்கு ஆள் சேர்க்கும் நாகப்பட்டினத்து டிப்போவில் பதிவு செய்தபோது அவர் கொடுத்த பெயர் அவருடையது அல்ல. அவர் மனைவி கொடுத்ததும் அவளுடையது அல்ல. தோட்டத்தில் யாரும் அந்தப் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. "கைகட்டி" என்றால் குழந்தைக்கும் தெரியும். மலைக்காட்டில் பால்மரம் வெட்டுகிற கைகட்டி, மூன்றாவது லயத்து வீட்டுக் கைகட்டி. அந்த மாதிரி வேறு யாரும் இல்லாதபோது இந்த அடைமொழிகள் எதற்கு என்று நான் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

யாருக்குத்தான் அவர் கையைக் கட்டாமல் இருந்தார்? ஆபீஸ் கணக்கெழுதும் கிராணிக்குக் கட்டினார், வேலை வாங்கும் கங்காணிக்குக் கட்டினார், மாரியம்மனுக்குக் கட்டினார். அம்மனைக் கும்பிடுகிறவர்கள் கையைக் குவிப்பார்கள், இவர் கட்டிக்கொண்டு நிற்பார். பூசாரி, "அவளும் உன்னைப் பார்த்து பயந்து நிக்கிறா பாரு" என்று கேலி செய்வார். அதற்கும் பெருவிரலைத்தான் பார்ப்பார்.

பெக்கோக் கடைத்தெருவில் சீனர் ஒருவர் மளிகைக்கடை வைத்திருந்தார். கருவாடு வாங்க இவர் போய் நிற்பார். சீனர் விலை சொல்வார். இவர் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்ப்பார். சீனருக்கு இது பெரிய பேரக்காரனின் அடையாளமாகத் தெரிந்திருக்கிறது. விலையை இறக்குவார். இவர் அசையமாட்டார். மறுபடி இறக்குவார். கடைசியில், "சூடா லா, அம்பேல்" என்று, போதும் எடுத்துப் போ என்கிறதை மலாயில் கத்தி, பொட்டலத்தைத் தூக்கி இவர் மேல் எறிவார். தோட்டத்தில் எல்லோரையும்விட மலிவாகக் கருவாடு வாங்கியவர் இவர்தான். எப்படி என்று அவருக்கே தெரியாது. "அவரு நல்ல மனுசருங்க" என்பார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது சோறு இறங்குவதில்லை. ஒரு மனிதனின் நிற்கும் விதம் ஆளுக்கு ஆள் ஒரு பொருள் தரும் என்பது அன்றைக்கே எங்கள் கண் முன்னால் நடந்தது. வேடிக்கை பார்த்தோம்.

அவர் மனைவி மட்டும் அந்தக் கைகளுக்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தாள். முதல் தடவை அவர் கூரை கட்டிய அன்று என் வீட்டுக்காரி காப்பி கொடுத்தாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், இவள் டம்ளரை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், காப்பி ஆறுகிறது. லயத்திலிருந்து வந்த மனைவி இடுப்பில் இருந்த கைக்குழந்தையை எடுத்து அவர் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள். கைகள் தாமாகப் பிரிந்து குழந்தையை வாங்கிக்கொண்டன.

"அவரு கையில எதையாச்சும் குடுத்துருங்கக்கா. அப்பத்தான் மனுசனா நிப்பாரு" என்றாள்.

அது உண்மை. குழந்தையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவர் முதுகு நிமிர்ந்தது. முகத்தையும் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். சின்ன வயசு. என்னைவிட இரண்டொரு வயது கூட இருக்கலாம், அவ்வளவுதான். நான் அதுவரை அவரைக் கிழவர் என்றே நினைத்திருந்தேன்.

ஊருக்குக் காகிதம் எழுத என்னிடம் வராத ஆள் அந்தத் தோட்டத்தில் கிடையாது. மாடு செத்தது, மச்சினிக்கு மாப்பிள்ளை பார்த்தது எல்லாம் என் வழியாகத்தான் கப்பல் ஏறும். இவர்கள் இருவரும் மட்டும் வந்ததில்லை. ஒருநாள் என் வீட்டுக்காரியிடம் அந்தப் பெண் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவள் மேலத்தெரு. அவர் குளத்துக்கு அந்தப் பக்கம், அவள் அப்பனின் பண்ணையில் ஆள். களத்தில் நெல் அளக்கும்போது கையைக் கட்ட ஒரு நொடி தாமதித்தான் என்று அவர் அண்ணனைப் புளியமரத்தில் கட்டி அடித்ததை இவள் மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். அடித்தது அவளுடைய அண்ணன்மார். அடி வாங்கியவன் அந்த மாதம் முடியும் முன்னே செத்துப்போனான். அடுத்த அறுப்புக்குள் இவர்கள் இருவரும் தோட்டத்துக்கு ஆள் கட்டுகிற கங்காணி ஒருவன் பின்னால் வந்து கப்பல் ஏறிவிட்டார்கள்.

அவர் அவளை ஒருநாளும் 'நீ' என்று சொல்லி நான் கேட்டதில்லை. "சாப்பிட்டீங்களா", "வாங்க போலாம்" என்பார். எதற்காவது பயந்துவிட்டால் வாயில் "சின்னம்மா" என்று வந்துவிடும். பண்ணை வீட்டுப் பெண்ணை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அவள் கோபமாக இரைந்தால் அவள் முன்னாலும் கையைக் கட்டிக்கொள்வார். பக்கத்து வீட்டில் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவள் சிரித்ததில்லை. "என்கிட்டயுமா?" என்று கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள்.

தோட்டத்துப் பழைய வெள்ளைக்காரத் துரைக்கு இந்தக் கைகட்டல் அத்துப்படி. நரைத்த மனிதர், கொச்சையாகத் தமிழ் பேசுவார். காலைப் பெரட்டில் ஆள் எண்ணிக்கை எடுக்கும்போது இவர் முன்னால் வந்து, "ஏய் கைகட்டி, குளிருதா?" என்று கேட்டுவிட்டுப் போவார். மற்றவர்கள் துரைக்கு நெற்றியில் கை வைத்து சலாம் போடுவார்கள். அது இந்த நாட்டுக்கு வந்து பழகியது. இவருக்கு அது வரவில்லை. நான் ஒருமுறை காரணம் கேட்டேன்.

"எசமான் முன்னால கையத் தூக்குறதுங்களா?" என்றார். நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல அக்கம்பக்கம் பார்த்தார்.

ரப்பர் விலை விழுந்தது. பழைய துரை சீமைக்குப் போனார். புது துரை வந்தார், இளைஞர். செலவைக் குறைப்பதற்கென்றே அனுப்பப்பட்டவர் என்று கிராணி சொன்னார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். லயத்துச் சாக்கடையை முதன்முதலில் கழுவச் சொன்னவர் அவர்தான். ஆனால் யாரும் தன்னை ஏமாற்றிவிடக் கூடாது என்கிற பயம் அவருக்கு இருந்தது. பயந்தவன் கையில் பிரம்பு இருந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும்.

வந்த புதிதில் ஒரு பெரட்டு. விடிந்தும் விடியாத நேரம், நான் பள்ளிக்கூடத்துக்கு வராத பையன்களைத் தேடி அங்கே போயிருந்தேன். துரை வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தார். சலாம், சலாம், சலாம். இவர் முன்னால் நின்றார். தலை உயரம் தன்னைவிட அதிகம், மரம் வெட்டி முறுக்கேறிய கைகள் நெஞ்சின் குறுக்கே கட்டியிருக்கின்றன, முகம் தன்னைப் பார்க்க மறுக்கிறது. துரை ஏதோ கேட்டார். இவர் கைக்கட்டை இறுக்கினார். துரை பிரம்பின் நுனியால் அந்தக் கைகளைத் தட்டினார். கட்டினது போதவில்லை என்று துரை சொல்வதாக இவருக்குப் புரிந்திருக்கிறது. இன்னும் இறுக்கினார். விரல்கள் அக்குளுக்குள் போய்விட்டன. துரையின் கழுத்து சிவந்ததை நான் பார்த்தேன். இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு நடந்தார்.

கிராணி திரும்பி எல்லோருக்கும் கேட்க மொழிபெயர்த்தார். "திமிர் புடிச்சவன்னு சொல்றாரு."

அந்த ஒரு சொல் சாயங்காலத்துக்குள் குட்டி போட்டுவிட்டது. கங்காணி அதை வீம்பு என்றார். வேலைக்காட்டு மேஸ்திரியான மண்டோர் கொழுப்பு என்றார். தண்ணீர்க்குழாயில் பெண்கள் ராங்கி என்றார்கள். கள்ளுக்கடையில் அது மண்டைக்கனமாக இருந்தது. காலை வரை அவரைப் பணிவு, அடக்கம், பயந்தாங்குளி, வாயில்லாப்பூச்சி என்று சொன்ன அதே வாய்கள்தான். அவர் அன்றைக்கும் நேற்றுப் போலத்தான் நின்றார். சொல்தான் மாறியிருந்தது.

அன்று மாலை என்னிடம் வந்து நின்றார். பெருவிரலைப் பார்த்தபடி, "எனக்குத் திமிருன்னு சொல்றாங்க சாமி" என்றார்.

"கேள்விப்பட்டேன்."

"எனக்கா?" என்றார். லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. பொருந்தாத சட்டையைப் போட்டுப் பார்த்தவன் சிரிப்பதுபோல. நானும் சிரித்தேன். இருவரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கொஞ்ச நாளில் ஆள் கழிக்கத் தொடங்கினார்கள். மாதக் கடைசியில் சில குடும்பங்களைக் கூப்பிட்டு, கப்பலுக்கு எழுதியாகிவிட்டது, ஊருக்குப் போகலாம் என்பார்கள். சிலர் சந்தோஷமாகவே போனார்கள். சிலர் அழுதார்கள். யார் போவது என்பதற்கு ஒரு முறை இருந்தது. கிழவர்கள், நோயாளிகள், அப்புறம் துரைக்குப் பிடிக்காதவர்கள்.

அந்தப் பெண் குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பசியாறிவிட்டுப் போ என்று என் வீட்டுக்காரி தட்டு வைத்தாள். அவள் உட்காரவில்லை.

"வாத்தியாரய்யா, எங்கள எங்க வேணா போடச் சொல்லுங்க. சம்பளம் கொறச்சலா இருந்தாலும் பரவால்ல. கப்பல்ல மட்டும் ஏத்திடாதீங்க. நாகப்பட்டினத்துல எங்க வீட்டு நெல்லு மண்டி இருக்கு. எங்கண்ணனுங்க வாரம் தவறாம அங்க வருவாங்க. இவரோட உசரம் ஊருக்கே தெரியும். எறங்கின அன்னிக்கே பாத்துருவாங்க."

"பார்த்தா?" என்று முட்டாள்தனமாகக் கேட்டேன்.

அவள் குழந்தையின் தலையைச் சேலையால் மூடினாள். "புளியமரம் இன்னும் நிக்கிது" என்றாள்.

நான் காஹாங் பக்கம் எனக்குத் தெரிந்த வாத்தியாரைக் கேட்டேன். உலு திராம் தோட்டத்துக்கு ஆள் விட்டுக் கேட்டேன். எல்லா இடத்திலும் இருப்பவர்களையே கழித்துக்கொண்டிருந்தார்கள். முழுகுகிற கப்பலில் இடம் கேட்பதுபோலத்தான் என் கேள்வி இருந்தது.

எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் ஒருவர் இருந்தார். ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது அவர் வேலை. இங்கிலீஷ் நன்றாகத் தெரியும், துரைமாரோடு பழகியவர். அவரிடம் போனேன்.

"கிராணி சொன்னது சரியில்ல வாத்தியாரே" என்றார் அவர். "துரை திமிர்னு சொல்லல. ஆட்டிட்யூட்னு ஒரு வார்த்தை சொன்னாரு. இவனோட ஆட்டிட்யூட் எனக்குப் புடிக்கலன்னாரு."

"அப்படின்னா என்ன?"

"ஆளு நிக்கிற விதமும் அதான். அவன் உள்ளுக்குள்ள நெனைக்கிற விதமும் அதான். ரெண்டுக்கும் அவங்ககிட்ட ஒரே வார்த்தை."

"நம்மகிட்டயும் இருக்கு. நிலைன்னு சொல்றோம். உடம்பு நிக்கிறதும் நிலை, மனசு நிக்கிறதும் மனநிலை. இன்னும் பாங்கு இருக்கு, பான்மை இருக்கு, போக்கு, தோரணை. இவ்வளவு கெடக்கு, கிராணி போயும் போயும் திமிரத்தானா எடுப்பாரு?"

"எதை எடுத்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது" என்றார் டிரெசர். "துரைக்குக் கோவம் வந்தது வார்த்தையில இல்ல. கையில. அவங்க ஊர்ல பெரியவங்க முன்னால ஒருத்தன் கையக் கட்டி நின்னா, நீ சொல்றத நான் கேக்கமாட்டேன்னு அர்த்தம். தலையக் குனிஞ்சுக்கிட்டா, ஒம் மூஞ்சியப் பாக்கவே புடிக்கலன்னு அர்த்தம்."

எதில் ஒரு நொடி பிந்தியதற்கு அண்ணனை அடித்துக் கொன்றார்களோ, அதைப் பிழையில்லாமல் கற்றுக்கொண்டு கடல் தாண்டி வந்திருக்கிறார் இவர். இங்கே அதுவே குற்றம். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

"துரைகிட்ட இத நீங்க சொல்லக் கூடாதா?"

"சொன்னேன் வாத்தியாரே. மரியாதைக்குத்தான் அப்படி நிக்கிறான்னு சொன்னேன். மத்த எல்லாரும் சலாம் போடும்போது இவனுக்கு மட்டும் என்ன தனி மரியாதைன்னு கேட்டாரு. நீ மருந்தப் பாருன்னாரு. இதுக்கு மேல பேசினா என் பேரையும் எழுதிருவாங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

சரி, துரையை மாற்ற முடியாது, இவரை மாற்றலாம் என்று நினைத்தேன். வாத்தியார் புத்தி. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், சாயங்காலம், அவரை நிறுத்திப் பழக்கினேன். மனைவியும் வந்து குழந்தையோடு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு கையும் தொங்கட்டும்."

தொங்கவிட்டார். யாரோ அவர் தோளில் இரண்டு கட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் இருந்தது. விரல்கள் வேட்டியைத் தேடின.

"இப்ப நான் துரை. நடந்து வர்றேன்."

நான் நடந்துதான் வந்தேன். என் பிரம்பைக்கூட எடுக்கவில்லை. பாதி தூரம் வரும் முன்னே கைகள் ஏறிவிட்டன. மறுபடி இறக்கினோம். மறுபடி ஏறின. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. "நான் ஏத்தலீங்க சாமி, அதுவா போகுது" என்றார். சலாம் போடச் சொன்னேன். வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோகப் பார்த்தார். காதுக்குப் பக்கத்தில் வந்ததும் அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். ஓங்கி ஒன்று விழும் என்று காத்திருப்பவரின் முகம் அது. அதற்கு மேல் அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மனைவி முதலில் சிரித்தாள். அப்புறம் சேலையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் எழுந்து வந்து, பக்கத்தில் கிடந்த ரப்பர் பால்வாளியை எடுத்து அவர் கைகளில் கொடுத்தாள். கைகள் இறங்கிப் பிடித்தன. முதுகு நிமிர்ந்தது.

"இப்ப வாங்கய்யா, துரையா வாங்க."

வந்தேன். கைகள் வாளியிலேயே இருந்தன. என் முகத்தைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். அவர் கண்கள் பழுப்பு நிறம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மாதக் கடைசி வந்தது. பால் ஊற்றிவிட்டு எல்லோரும் ஸ்டோர் வாசலில் நிற்க வேண்டும், துரை ஆள் பார்ப்பார் என்று சொல்லியிருந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. நானும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் போனேன். இவர் வரிசையின் நடுவில் இருந்தார். காலி வாளியை இரண்டு கையாலும் முன்னால் பிடித்திருந்தார், நிமிர்ந்துதான் நின்றார். பெண்கள் வரிசையில் இருந்த மனைவி குழந்தையை மாற்றி மாற்றி இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கண் வாளியின் மேலேயே இருந்தது.

துரை மேசையிலிருந்து எழுந்து வரிசைக்கு வந்தார். ஒவ்வொருவராகப் பார்த்தார். இவர் முன்னால் வந்தார். நின்றார். இவர் துரையின் முகத்தைப் பார்த்தார். துரைக்கே அது எதிர்பாராததாக இருந்திருக்க வேண்டும். அவர் முகம் கொஞ்சம் இளகியது. என்ன வேலை செய்கிறாய் என்பதுபோல ஏதோ கேட்டார். கிராணி அதைத் தமிழில் சொல்ல வாயைத் திறந்தார்.

கங்காணி குறுக்கே வந்தார். கங்காணி இவருக்கு வேண்டாதவர் இல்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார். "டேய், தொரை பேசறாரு, வாளியத் தூக்கிக்கிட்டு நிக்கிற? மரியாத தெரியல? கீழ வையிடா" என்று சொல்லி, வாளியைத் தாமே அவர் கையிலிருந்து வாங்கித் தரையில் வைத்தார்.

கைகள் வெறுமையாகின. ஒரு நொடி அவை காற்றில் நின்றன. அவர் போராடியதை நான் பார்த்தேன், அதைப் பார்த்தவர்கள் அந்தக் கூட்டத்தில் அவர் மனைவியும் நானும் மட்டும்தான். விரல்கள் வேட்டியைத் தேடின. கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு வலது கை இடது அக்குளுக்குப் போனது, இடது கை வலது அக்குளுக்குப் போனது. தலை குனிந்துகொண்டது. வாயிலிருந்து மெதுவாக "சின்னம்மா" என்று ஒரு சத்தம் வந்தது.

துரை முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிராணியைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

நான் கிராணியிடம் போய் வாதாடினேன். எழுதியதை அழிக்க முடியாது என்றார். கங்காணியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "மரியாதைக்குத்தானே வாத்தியாரே சொன்னேன்" என்றார். எல்லோரும் மரியாதைக்குத்தான் செய்தோம். துரைகூட மரியாதையைத்தான் கேட்டார்.

பெக்கோக் ஸ்டேஷனுக்கு நானும் என் வீட்டுக்காரியும் போனோம். வடக்கே போகிற ரயில், பினாங்கில் கப்பல். நாகப்பட்டினத்தில் இறங்காதீர்கள், மதராசுக்குப் போய்விடுங்கள் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். எங்கே இறக்கிவிடுவார்கள் என்று தீர்மானிப்பது அவர்கள் கையில் இல்லை என்பது எனக்கே தெரியும். அவர் பிளாட்பாரத்தில் எங்களுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டிக்கெட் பார்க்கிற ஆள் வந்ததும் அவன் பக்கம் திரும்பிக் கட்டிக்கொண்டார். ரயில் வந்தபோது ரயிலுக்கும் கட்டியிருப்பார். மனைவி குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

அப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கூரைய ஐப்பசிக்கு முன்னால கட்டிருங்க சாமி" என்றார்.

ஊருக்குப் போகிறவர்கள் 'போயிட்டு வர்றோம்' என்றுதான் சொல்ல வேண்டும். சாவு வீட்டில்கூடச் சொல்லாமல் போவோமே தவிர 'போறேன்' என்று சொல்ல மாட்டோம். அந்தப் பெண் என் வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "போறோம்க்கா" என்றாள். என் வீட்டுக்காரி திருத்தவில்லை.

ரயில் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். இங்கே அவர் கை கட்டியது திமிராகப் போயிற்று. அங்கே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அது போதாது. இந்தக் கணக்கை நான் எத்தனையோ முறை மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன், விடை மாறவில்லை.

சில வருஷம் கழித்து விலை ஏறியது. மறுபடி ஆள் எடுத்தார்கள். புது ஆட்களை லயத்தில் விட்டுவிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க என்னிடம் அனுப்பினார்கள். ஒருவன் பேச்சைக் கேட்டதும் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. ஊரைக் கேட்டேன். அவர்கள் ஊருக்கு அடுத்த ஊரைச் சொன்னான். நெடுநெடுவென்று ஒருவர், மேலத்தெருப் பெண், கைக்குழந்தை, கப்பலில் திரும்பி வந்தார்களே தெரியுமா என்று கேட்டேன்.

அவன் வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

"நாகப்பட்டினத்துல எறங்கினாங்க. அன்னிக்கே சேதி போயிருச்சு. அதுக்கு மேல என்னக் கேக்காதீங்க சாமி."

"குழந்தை?"

"யாரோ தூக்கிட்டுப் போயிட்டதாச் சொல்வாங்க. நான் பாக்கல."

சொல்லிவிட்டு நின்றான். அப்போதுதான் கவனித்தேன். துண்டு இடுப்புக்குப் போயிருந்தது. வலது உள்ளங்கை இடது அக்குளில், இடது உள்ளங்கை வலது அக்குளில். என் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மொதல்ல கைய எறக்கு" என்றேன். என் குரல் எனக்கே அதட்டலாகக் கேட்டது.

ஏன் என்று அவன் கேட்கவில்லை. பயந்துபோய் இறக்கினான். இறக்கிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல், விரலால் வேட்டியைத் தேடிக்கொண்டு என் முன்னால் நின்றான்.